படமே பழுதைக் கூறும்

காமிராவுக்குக் கண் லென்ஸ், இமை ஷட்டர். கண்ணைப் பற்றிப் பேசுவோர் பலர். இமையைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆனால் மனிதனின் இமைக்கும் காமிராவின் இமைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம் இமை எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் நாம் காணும் காட்சி கெடுவதில்லை. காமிராவின் இமையோ, குறித்த நேரத்திற்கு மேல் திறந்திருந்தால் படம் வெளுத்துவிடும். குறைவாகத் திறந்திருந்தால் இருண்டுவிடும். ஆகவே ஷட்டர் என்பது வெறும் கதவு அன்று. காலத்தை அளந்து திறந்து மூடும் கடிகாரம். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக் கொண்டால், பழைய காமிராவின் ஷட்டரில் தோன்றும் பழுதுகளுள் பெரும்பாலானவற்றைத் திருகு ஒன்றையும் கழற்றாமலே இன்னதென்று கண்டுகொள்ளலாம்.

பிலிம் காமிராக்கள் அண்மைக் காலத்தில் மீண்டும் பலர் கைக்கு வந்திருக்கின்றன. லைக்கா நிறுவனம் தன் எம்6 காமிராவை 2022-இல் மறுபடியும் வெளியிட்டது. பென்டாக்ஸ் நிறுவனம் 2024-இல் புதிய பிலிம் காமிரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆயினும் நம்மவர் பலர் கையில் எடுப்பது புதியவற்றையன்று. தந்தையோ பாட்டனாரோ வாங்கி, அலமாரியில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் உறங்கிய காமிராவைத்தான். அதன் லென்ஸ் தெளிவாக இருக்கும். விசையை அழுத்தினால் ஓசையும் கேட்கும். நம்பிப் பிலிமை ஏற்றி, முப்பத்தாறு படங்களையும் எடுத்து, கழுவிப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். ஷட்டரின் பழுது உடனே கண்ணுக்குத் தெரியாது. எடுத்த காட்சி கடந்து போன பின்னரே அது தெரியும். திருமண மேடையும் மூத்தோர் முகமும் மறுபடி நமக்காகக் காத்திருப்பதில்லை. இதனால்தான் இப்பொருளைச் சற்று விரிவாக அறிந்திருத்தல் நலம்.

கடிகாரம் வந்த வழி

ஒளிப்படக் கலையின் தொடக்க நாட்களில் ஷட்டரே இல்லை. லென்ஸின் முன்னிருந்த மூடியைக் கையால் எடுத்து, வாயால் எண்ணி, மீண்டும் மூடுவார்கள். தகடுகள் ஒளியை மெல்ல ஏற்றதால் அதுவே போதுமானதாயிருந்தது. 1871-இல் ஆங்கில மருத்துவர் மாடாக்ஸ் என்பவர் ஜெலாட்டின் உலர்தகட்டு முறையை வெளியிட்டார். அதன்பின் வந்த மேம்பாடுகளால் தகடுகள் விரைவில் ஒளியை ஏற்கத் தொடங்கின. வினாடியின் சிறு பின்னத்தைக் கையால் அளத்தல் இயலாது. எனவே பொறி தேவைப்பட்டது.

அப்பொறி இரு குடும்பங்களாக வளர்ந்தது. ஒன்று இதழ் ஷட்டர். லென்ஸின் நடுவே மெல்லிய எஃகு இதழ்கள், பெரும்பாலும் ஐந்து, பூவைப்போல விரிந்து குவியும். ஜெர்மனியில் மியூனிக் நகரத்துப் பிரீட்ரிக் டெக்கல் நிறுவனம் முதலில் செய்த காம்பவுண்டு ஷட்டர், காற்றுக் குழாய் ஒன்றின் உதவியால் காலத்தை அளந்தது. 1912-இல் அது வெளியிட்ட காம்பூர் ஷட்டரில் காற்றுக் குழாய் போய், கடிகாரத்தின் பற்சக்கரத் தொடர் வந்தது. காம்பவுண்டு என்ற பெயரோடு, கடிகாரத்தைக் குறிக்கும் 'ஊர்' என்ற ஜெர்மன் சொல் சேர்ந்ததே காம்பூர் என்பர். ரோலைபிளெக்ஸ் காமிராக்கள் பலவற்றுள் இருப்பது இவ்வகையே.

மற்றொன்று திரை ஷட்டர். பிலிமுக்குச் சற்று முன்னே இரு திரைகள் இருக்கும். முதல் திரை ஓடித் திறக்கும். இரண்டாம் திரை பின்தொடர்ந்து மூடும். ஆஸ்கர் பார்னாக் உருவாக்கி, 1925-இல் லைப்சிக் சந்தையில் லைட்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய லைக்கா இவ்வகையைச் சேர்ந்தது. அதன் திரைகள் ரப்பர் பூசிய துணி. 1959-இல் வந்த நிக்கான் எஃப் காமிராவில் டைட்டேனியத் தகடு திரையாயிற்று. 1965-இல் வந்த நிக்கோமாட் எஃப்டி காமிராவில் உலோகத் தகடுகள் மேலிருந்து கீழாக ஓடின. வடிவம் வேறாயினும் கருத்து ஒன்றே.

பழுது வேறு, பிழை வேறு

பழுது பார்க்கப் புகுமுன், அது பழுதுதானா என்று தெளிதல் வேண்டும். நல்ல காமிராவையே கெட்டதென்று எண்ண வைக்கும் காரணங்கள் சில உள.

முதலாவது, வேகச் சக்கரம் 'பி' என்ற எழுத்தில் நிற்பது. அந்நிலையில் விரலை எடுக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும். இதைச் சிக்கிக்கொண்டதாக எண்ணிக் காமிராவைத் தட்டுவோர் உண்டு.

இரண்டாவது, பிலிம் இல்லாமல் சோதிப்பது. 1954-இல் வந்த வாய்க்லாண்டர் வீட்டோ பி போன்ற காமிராக்களில், பிலிமின் ஓரத் துளைகள் பற்சக்கரத்தைச் சுழற்றினால்தான் ஷட்டர் விசையேறும். பிலிம் இல்லாதபோது நெம்புகோலை எத்தனை முறை இழுத்தாலும் ஷட்டர் இயங்காது. பின்கதவைத் திறந்து அப்பற்சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மூன்றாவது, மின்னொளி விளக்கு. இதழ் ஷட்டரில் 'எம்', 'எக்ஸ்' என்ற இரு நிலைகள் இருக்கும். 'எம்' என்பது ஒருமுறை எரிந்து தீரும் பழைய பல்புகளுக்கு உரியது. பல்பு முழு ஒளி பெறச் சிறிது நேரம் வேண்டியிருப்பதால், ஷட்டர் திறக்குமுன்னரே அது தூண்டப்படும். இக்காலத்து எலெக்ட்ரானிக் விளக்கை அந்நிலையில் பயன்படுத்தினால், இதழ்கள் திறக்குமுன் ஒளி வந்து போய்விடும். படம் இருண்டிருக்கும், ஷட்டரில் குற்றம் ஏதுமில்லை. திரை ஷட்டரிலோ, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால் படத்தின் ஒரு பகுதி மட்டுமே விளக்கின் ஒளியைப் பெறும். 1964-இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் அவ்வெல்லை 1/60 வினாடி; நிக்கோமாட்டில் 1/125.

நான்காவது, மின்கலம். 1966-இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 காமிராவில் காலத்தை அளப்பது மின்சுற்று. மின்கலம் இல்லாவிட்டால் அது எப்போதும் தன் மிக விரைவான வேகத்திலேயே இயங்கும். படங்கள் யாவும் இருண்டு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது மின்கலத்தை.

இவை நான்கும் இல்லையென்று உறுதிப்பட்ட பின்னரே பழுதைத் தேட வேண்டும்.

எந்த வேகத்தில் கெடுகிறது?

பழுதைக் கண்டறியும் கலையின் திறவுகோல் ஒரே கேள்வியில் இருக்கிறது: கெடுவது எந்த வேகத்தில்? எல்லா வேகத்திலுமா, மெதுவானவற்றில் மட்டுமா, விரைவானவற்றில் மட்டுமா?

மெதுவான வேகங்களில் மட்டும் கெடுமானால், குற்றம் பற்சக்கரத் தொடரில் இருக்கிறது. ஒரு வினாடி, 1/2, 1/5 போன்ற வேகங்களில் அத்தொடரே ஷட்டரை மூடவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. அப்போது கேட்கும் 'கிர்ர்' என்ற ஓசை அதன் குரல்தான். அவ்வோசை ஒரே சீராகக் கேட்க வேண்டும். இடையில் தளர்ந்து நின்று, பிறகு மீண்டும் ஓடினாலோ, அடியோடு நின்றுபோனாலோ, சக்கரங்களின் அச்சுகளில் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று கொள்ளலாம். 1933-இல் வந்த லைக்கா 3-இல் மெதுவான வேகங்களுக்கென முன்புறத்தில் தனிச் சக்கரம் உண்டு. அச்சக்கரத்தின் வேகங்கள் மட்டும் கெட்டிருந்தால், ஏனைய வேகங்களில் அஞ்சாமல் படமெடுக்கலாம்.

விரைவான வேகங்களில் மட்டும் கெடுமானால், திரை ஷட்டரில் குற்றம் திரைகளின் ஓட்டத்தில் இருக்கிறது. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். லைக்கா வகைக் காமிராவில் ஒரு திரை 36 மில்லிமீட்டர் அகலமுள்ள படத்தைக் கடக்க ஏறத்தாழ 1/50 வினாடி ஆகும். அப்படியானால் 1/1000 வினாடியில் திரை ஓடும் தொலைவு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் இரு திரைகளுக்கும் நடுவே இருக்கும் பிளவும் அவ்வளவே. அந்த மெல்லிய பிளவுதான் படத்தின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளியை வரைந்து செல்கிறது. முதல் திரை வழியில் அரை மில்லி வினாடி தளர்ந்தால், பிளவு பாதியாகிவிடும். படத்தின் அப்பகுதிக்குப் பாதி ஒளியே கிட்டும். அதே தளர்ச்சி 1/50 வினாடியில் நேர்ந்தால், இருபதில் அரை பங்கு, கண்ணுக்கே தெரியாது. ஒரே குற்றம் விரைவான வேகத்தில் படத்தைக் கெடுப்பதும், மெதுவான வேகத்தில் மறைந்து நிற்பதும் இதனால்தான்.

எல்லா வேகங்களிலும் கெடுமானால், இதழ் ஷட்டரில் இதழ்களையே ஐயுற வேண்டும். இதழ்கள் உலர்ந்து இயங்கவே செய்யப்பட்டவை. அவற்றின் மேல் எண்ணெய்ப் படலம் படிந்தால், ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக் கொள்வதுபோல ஒட்டிக் கொள்ளும். மெல்லத் திறக்கும்; மெல்ல மூடும்; சிலபோது திறந்தே நிற்கும். படங்கள் யாவும் வெளுத்து வரும்.

படம் கூறும் செய்திகள்

படத்தின் ஒரு பக்கம் மட்டும் படிப்படியாக இருண்டு வருகிறதா? முதல் திரை தளர்ந்து, இரண்டாம் திரை அதனை நெருங்கி வருகிறது. இருள் முற்றி ஒரு பகுதி அறவே கறுத்திருந்தால், இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடித்துவிட்டது. மாறாக, ஒரு பக்கம் படிப்படியாக வெளுத்து வந்தால், தளர்ந்தது இரண்டாம் திரை.

படத்தின் ஓரத்தில் மட்டும், திரை ஓடி முடியும் பக்கத்தில், கூரிய எல்லையுடைய வெளிர்க்கோடு ஒன்று தெரிகிறதா? திரை முடிவில் மோதித் துள்ளித் திரும்பியிருக்கிறது. துள்ளலைத் தடுக்கும் பகுதி தேய்ந்ததன் அடையாளம் அது.

அச்சிட்ட படங்களில் வெண்புள்ளிகள் தெரிகின்றனவா? வெயிலில் எடுத்தவற்றில் மிகுந்தும், வீட்டினுள் எடுத்தவற்றில் குறைந்தும் இருந்தால், துணித்திரையில் ஊசித்துளைகள் விழுந்துள்ளன. ரப்பர் பூச்சு முதுமையால் வெடித்திருக்கலாம். அல்லது சூரியனே சுட்டிருக்கலாம். லைக்கா போன்றவற்றில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே கண்ணாடி இல்லை. மூடி இல்லாத லென்ஸ் சூரியனை நோக்கிக் கிடந்தால், பூதக்கண்ணாடி தாளைச் சுடுவதுபோல அது துணியைச் சுட்டுவிடும். பின்கதவு திறக்கும் காமிராவாயின், லென்ஸைக் கழற்றிவிட்டு இருட்டறையில் முன்புறமிருந்து சிறு கைவிளக்கைக் காட்டுக. பின்னாலிருந்து பார்த்தால் துளைகள் விண்மீன்களாகத் தெரியும்.

கண்ணாடி மேலெழும் வகைக் காமிராவில் படமே விழவில்லையா? ஷட்டரைப் பழிப்பதற்கு முன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அது வந்து மோதும் இடத்தில் வைத்த நுரைப்பஞ்சு, ஆண்டுகள் பல சென்றால் தார்போல் இளகிப் பசையாகும். கண்ணாடி அதில் ஒட்டிக் கொள்ளும்.

சோதனை முறைகள்

கண்ணும் காதும் முதல் கருவிகள். பின்கதவைத் திறந்து, வெண்சுவரை நோக்கிக் காமிராவைப் பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து முறை இயக்குக. முதல் முறை மட்டும் தயங்கி, அடுத்தவை சரியாக இருந்தால், அது நெடுநாள் உறக்கத்தின் விளைவு. ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால், பிசினேறியிருக்கிறது. ஐந்தும் ஒரே அளவாகத் தளர்ந்திருந்தால், அத்தளர்ச்சியை அறிந்து கணக்கிட்டுப் படமெடுக்கலாம். சீராகப் பிந்தும் கடிகாரம், கண்டபடி ஓடும் கடிகாரத்தினும் மேலானதன்றோ?

அளந்து பார்க்க விரும்புவோருக்கு இன்று எளிய வழி ஒன்று உண்டு. கைத்தொலைபேசிகள் பலவற்றில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருக்கிறது. காமிராவின் பின்னிருந்து அவ்வாறு படம் பிடித்து, ஷட்டர் திறந்திருக்கும் படங்களை எண்ணினால் போதும். ஒரு வினாடிக்கு 240, 1/5 வினாடிக்கு 48, 1/10 வினாடிக்கு 24, 1/30 வினாடிக்கு 8 என வர வேண்டும். இதனினும் விரைந்த வேகங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றுக்கு ஒளியுணர் கருவி வேண்டும். அல்லது ஒரு பிலிமையே சோதனைக்கென ஒதுக்கலாம். ஒரே சீரான வெண்சுவரை, வேகத்தையும் லென்ஸ் துவாரத்தையும் சேர்த்து மாற்றி, ஒளி ஒரே அளவாக இருக்குமாறு எடுத்துச் செல்க. நெகட்டிவ்கள் யாவும் ஒரே சாயலாக இருந்தால் ஷட்டர் நலமே.

இங்கு ஒரு வரம்பும் அறியத்தக்கது. 1/500 என்று எழுதிய இடத்தில் 1/350 கிடைத்தால், வேறுபாடு அரைப் படிதான். நெகட்டிவ் பிலிம் அதனைப் பொறுத்துக் கொள்ளும். ஸ்லைடு பிலிம் அவ்வளவு பொறுக்காது. பழைய காமிராவிடம் புதிய காமிராவின் துல்லியத்தை எதிர்பார்த்து அதனைக் கழற்றுதல் வீண்.

செய்வனவும் தவிர்வனவும்

மேற்கண்டவற்றுள் பெரும்பாலான பழுதுகளுக்கு வேர் ஒன்றே என்பதை இதற்குள் உய்த்துணர்ந்திருப்பீர்கள். உடைந்த உறுப்பன்று, முதிர்ந்த எண்ணெய். ஆனால் நோய்க்குக் காரணமான எண்ணெயையே மருந்தாக ஊற்றுவோர் பலர். துருநீக்கும் எண்ணெயைப் பீய்ச்சினால் ஷட்டர் அன்று மாலை அழகாக ஓடும். சில வாரங்களில் அவ்வெண்ணெய் இதழ்களிலும் லென்ஸிலும் பரவி, முன்னிருந்ததினும் கேடு விளைக்கும். சிகரெட் பற்றவைப்பியில் ஊற்றும் நாப்தாவைக் கொண்டு துடைப்பதே வல்லுநர் வழக்கம். அதையும் வெள்ளமாக ஊற்றினால், கரைந்த பிசின் உட்சென்று வேறிடத்தில் படியும். கழற்றிய உறுப்புகளைக் கழுவி உலர்த்துவதே முறை. அது எளிதில் தீப்பற்றுவது ஆதலால், காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால் வைத்தே கையாள வேண்டும்.

திரை தளர்ந்தால் சுருள்வில்லை இறுக்குவது மற்றொரு தவறு. அழுக்கினால் தளர்ந்த திரையை வில்லின் வலிமையால் இழுத்தால், வேகம் சரியானதுபோல் தோன்றும். ஆனால் முதிர்ந்த துணியும் நாடாவும் அந்த இழுப்பைத் தாங்கா. முதலில் தூய்மை, அதன்பின்னும் குறை இருந்தால் மட்டுமே வில்.

பயன்படுத்துவோர் கையாலும் ஷட்டர் கெடுவதுண்டு. சோர்க்கி 4 காமிராவில் விசையேற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். முன்னரே மாற்றினால் உள்ளுறுப்பு கெடும். காம்பூர் ஷட்டரிலோ, 1/500 போன்ற உச்ச வேகத்தை விசையேற்றும் முன்னரே வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வேகத்துக்கெனத் தனி வில் இருப்பதே காரணம். எந்தக் காமிராவாயினும், தன்னைத் தானே படமெடுக்க உதவும் தாமத விசையை முதுமையெய்திய ஷட்டரில் தொடாதிருப்பது நன்று. அதன் பற்சக்கரம் பாதி வழியில் நின்றால் ஷட்டர் முழுவதும் நின்றுவிடும்.

நம் தட்பவெப்பத்தில்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். வெப்பத்தில் எண்ணெய் இளகிப் பரவும். ஈரத்தில் காளான் படரும். வெயிலில் நிறுத்திய காரினுள் காமிராவை விட்டுச் செல்வது ஷட்டருக்கு எண்ணெய் முழுக்குச் செய்வதற்கு ஒப்பாகும். தோலுறை அழகுடையதே, ஆயினும் அது ஈரத்தை உறிஞ்சிக் காளானுக்கு இடந்தரும். உறையினின்று எடுத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். உலர்பெட்டி உடையோர் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்தலாம். விசையேற்றிய நிலையில் நெடுநாள் வைக்காமல், மாதம் ஒருமுறை எல்லா வேகங்களிலும் இயக்கி வைத்தால் போதும். பயன்படாத கதவே துருப்பிடிக்கும்.

காம்பூர் ஷட்டர் இன்று செய்யப்படுவதில்லை. அதன் ஓர் இதழ் மடங்கினால், மாற்று இதழ் இன்னொரு பழைய காமிராவிலிருந்துதான் வர வேண்டும். ஒருவர் அவசரத்தில் கெடுத்த ஷட்டர், உலகில் எஞ்சியிருப்பவற்றுள் ஒன்றைக் குறைத்துவிடுகிறது. ஆகவே திருப்புளியைக் கையிலெடுக்கும் முன் நெகட்டிவை ஒளியில் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இருண்டது, எந்த வேகத்தில் கெட்டது, எத்தனையாவது முறை தயங்கியது என்று குறித்துக் கொள்ளுங்கள். வல்லுநரிடம் காமிராவைக் கொடுக்கும்போது அக்குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் எதைத் தொட வேண்டும் என்பதோடு, எதைத் தொட வேண்டாம் என்பதையும் அது சொல்லிவிடும்.